ரோட்டைத் தொட்டிருக்கக் கூடாத பலகை

தினா, இன்று காலையும் ஸ்கூட்டியை நம் போர்டிகோவிலிருந்து அந்தச் சிமெண்டுச் சரிவில் தள்ளி ரோட்டுக்கு ஏற்றினேன். ராத்திரி பெய்த மழையில் ஈரமாகக் கிடந்தும் சக்கரம் வழுக்கவில்லை, எனக்கு மூச்சும் வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, "சூப்பரா கீது டீச்சர். யாரு கணக்கு போட்டுக் குடுத்தது? எங்க வூட்டுக்கும் ஒண்ணு போடணும்" என்றார். ட்யூஷன் பிள்ளைகள் போட்ட கணக்கு என்றால் பொய். நான் போட்டது என்றால் எனக்கு வெட்கம். "பையன் வந்தா கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். கேம்ப் ரோடு திரும்பும்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. பையன் எப்போது வருவான் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்லியிருப்பேன்?

ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரத்தில் உன் வகுப்பைத் தொடங்குகிறாய் என்று குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாய். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, செய்து பார்த்துக் கற்கும் கணக்கு. மாடி அறையின் படம், மேசைகள், சுவரில் தொங்கும் கயிறு, கப்பி, பெட்டி நிறைய ஐஸ் குச்சிகள். சித்தப்பா கைதட்டும் பொம்மை போட்டார், அத்தை பூங்கொத்து போட்டாள். உன் அப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "போலாமா?" என்று கேட்டார். "எனக்குத் தனியா போன் பண்ணானா?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். அவர் போனை அணைத்து வைத்துவிட்டார். நீயும் அவர் மாதிரிதான், சண்டை போட வேண்டிய இடத்தில் சும்மா இருந்து ஆளைக் கொல்வாய். நான் வரலாமா என்பதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் குரல் ஏறிவிடும், ஏறினால் பழைய டீச்சர் வந்துவிடுவாள். எழுதினால் அவளைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அதை நீ ஒருமுறையாவது கேட்க வேண்டும். சேலையூரில் நாம் வீடு கட்டியபோது போர்டிகோ ரோட்டைவிட உயரம். நீ அங்கே உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாய். பிறகு பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள், அதற்கு மேலே இன்னொன்று. ஒவ்வொரு முறையும் வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் போர்டிகோ ஒன்றரை அடி பள்ளத்தில் நின்றது. உன் அப்பா தினமும் ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு வண்டியை ஏற்றுவார், நான் பின்னால் நின்று தள்ளுவேன். ஒரு மழைநாளில் பலகை சறுக்கி அவர் முட்டியைப் பேர்த்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைதான் நீ அந்தப் பலகையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என் ட்யூஷன் பிள்ளைகளைப் பார்த்து, "இதை யாரெல்லாம் சரி பண்ணித் தரீங்க?" என்று கேட்டாய். வகுத்தல் வராத பிள்ளைகள், பின்னம் என்றாலே பேந்தப் பேந்த முழிக்கிற பிள்ளைகள். எல்லாக் கையும் மேலே போனது. அதுவரைக்கும் என் கேள்வி எதற்கும் அத்தனை கை உயர்ந்து நான் பார்த்ததில்லை.

சிறுசேரியில் வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, கிடைக்கிற ஒரு லீவில் ஒருத்தன் அட்டை வெட்டி ஒட்டுவானா என்று நான் சிரித்தேன். நீ சட்டை செய்யவில்லை. பொம்மைக் காரை அட்டைச் சரிவில் விட்டீர்கள், பிள்ளைகளின் சைக்கிளைப் பலகையில் ஏற்றிப் பார்த்தீர்கள். இந்த அளவுக்குச் சாய்ந்தால் என்னால் தள்ள முடியாது, இந்த அளவென்றால் முடியும் என்று அதுகளே சண்டை போட்டு, ஓர் அடி நீளத்துக்கு இரண்டு இஞ்சு உயரம் என்று ஒரு முடிவுக்கு வந்தன. அது விகிதம் என்று நீ சொல்லவில்லை, நான்தான் சமையலறையிலிருந்து, "அதுக்குப் பேரு விகிதம்" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் பழைய கைடு புத்தகங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கி, சரிவுக்கு முட்டுக்கொடுக்க அடுக்கினீர்கள். பத்து இஞ்சுக்கு ஓர் அடுக்கு, எட்டு இஞ்சுக்கு ஓர் அடுக்கு. இத்தனை வருஷத்தில் அந்தக் கைடுகளால் ஒரு பிள்ளைக்காவது கணக்கு புரிந்தது அன்றைக்குத்தான் என்று உன் அப்பா கிண்டல் செய்தார்.

அளவெடுக்கும் வேலை ஆயிஷாவுடையது. டயர் கடை வைத்திருக்கிற நம் பாயின் பெண். டேப்பை எடுத்தால் கீழே வைக்க மாட்டாள், என் மூக்கைக்கூட அளந்திருக்கிறாள். ரோட்டின் உயரத்தை அவள்தான் அளந்து சார்ட்டில் எழுதினாள். உயரம் ஓர் அடி, அதனால் சரிவின் நீளம் ஆறு அடி. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டேப்பின் கொக்கியைத் தரையில் வைக்காமல், ஓரமாகக் கிடக்கிற துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்து அளந்திருக்கிறாள். அரை அடி போச்சு. உனக்கும் தெரிந்திருந்தது. அவள் அளக்கும்போது நீ பக்கத்தில்தான் நின்றாய். நின்றும் பேசாமல் இருந்தாய் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பையன் கவனிக்கவில்லை, அவன் டீச்சர் இல்லையே, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

சனிக்கிழமை பெற்றோர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள். நீ சாமான் வாங்க மேற்குத் தாம்பரம் போயிருந்தாய். வெள்ளிக்கிழமை சாயங்கால ட்யூஷனில் ஆயிஷாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏய், இங்க வா. கல்லு மேல வெச்சு அளந்துட்டே. உயரம் ஒன்றரை அடி, நீளம் ஒன்பது அடி. அழிச்சுட்டு மாத்தி எழுது."

"இல்ல டீச்சர், நான் கரெக்டாதான் அளந்தேன். தினா அண்ணாகூட பார்த்துக்கினுதான் இருந்தாரு."

"அண்ணா பார்க்கலை. நாளைக்கு உங்க அத்தா வர்றாரு இல்ல? எல்லாரு முன்னாடியும் தப்பா வந்தா நல்லாவா இருக்கும்?"

அவள் ரப்பரை வாங்கி அழித்தாள். ஒவ்வோர் எண்ணையும் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அந்தக் குழந்தை முகத்தை நான் பார்க்கவில்லை, சார்ட்டைத்தான் பார்த்தேன். சுத்தமாக, அழகாக வந்திருந்தது. நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு காபி போட்டுக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை பெற்றோர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நீ சார்ட்டைப் பார்த்தாய். பிறகு மாடிப்படிக்குக் கீழே போய், கோணி போட்டு மூடியிருந்த மூன்றடிப் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து ஆறடிப் பலகையோடு சேர்த்துவைத்தாய். அது ஏன் அங்கே ஒளிந்திருந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கின, பலகையைத் தூக்கி வைத்தன. அது ரோட்டின் விளிம்பை நூல் பிடித்த மாதிரி தொட்டது. சைக்கிள் சல்லென்று ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள். பாய் பூரித்துப்போய், "பாப்பா, எப்படிம்மா இம்மாம் கரெக்டா கண்டுபுடிச்சே?" என்று கேட்டார். ஆயிஷா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "டீச்சர் சொன்னாங்க அத்தா" என்றாள். கை தட்டல் பட்டென்று நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. நான் சிரித்துச் சமாளித்தேன்.

எல்லாரும் போன பிறகு நீ புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாய். "அந்தப் பலகை ரோட்டைத் தொட்டிருக்கக் கூடாதும்மா. அரை அடி கீழேயே நின்னிருக்கணும். ஏன் நிக்குதுன்னு அவளே டேப்பைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பா. கல்லைப் பார்த்திருப்பா. அப்புறம் எடுத்துக் குடுக்கலாம்னுதான் அந்த மூணடித் துண்டை ஒளிச்சு வெச்சிருந்தேன். அதுக்குத்தான்மா இந்த மொத்த வேலையும்." நான் விட்டேனா? "அத்தனை பேரண்ட்ஸ் முன்னாடியா? நாளைக்கு எவன் இங்க பிள்ளையை அனுப்புவான்?" என்று எகிறினேன். நீ கேட்டாய்: "தப்பா வந்தா என்னம்மா ஆகும்?" நீ சத்தமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் பால் இல்லை. உனக்கும் அது தெரியும்.

அந்தக் கேள்வியை நீ நாலாம் வகுப்பில் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கொட்டாங்குச்சியில் தராசு செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்கேலின் நடுவில் ஓட்டை போடாமல் தள்ளிப் போட்டுவிட்டாய். ஒரு தட்டு எப்போதும் கீழே போய்க்கொண்டே இருந்தது. நீ அதில் புளியங்கொட்டையைப் போட்டுப் போட்டு, இந்தப் பக்கம் ரெண்டு போட்டால் அந்தப் பக்கம் மூணு போட வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு அரை நாளாக உட்கார்ந்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்று நான் ஸ்கேலைப் பிடுங்கி, கம்பியைச் சூடுபண்ணிச் சரியான இடத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். "நானே பண்றேன்மா, இரும்மா" என்றாய். இருந்தேனா? பரிசு கிடைத்தது. அந்தத் தராசை நீ பிறகு தொடவே இல்லை. பரணில் கைடு இறக்கும்போது அதன் ஒரு கொட்டாங்குச்சி உருண்டு வந்தது. நீ எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாய்.

அதற்கப்புறம் நீ எதைச் செய்தாலும், "கரெக்டாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தாய். வீட்டுப்பாடம் முடித்தால் கேட்பாய். சட்டையை எடுத்து வைத்துக் கேட்பாய். கல்லூரி கவுன்சிலிங்கில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டாய், நான் சொன்னேன், நீ எடுத்தாய். என் பிள்ளை என்னைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பெருமையில்லை என்பது, ஆயிஷா அதே வார்த்தையைச் சொன்னபோதுதான் புரிந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் டேப்பை எடுப்பதில்லை. ஒரு வரி கூட்டல் போட்டாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "கரெக்டா டீச்சர்?" என்று நிற்கிறாள். என் மூக்கை அளந்த பெண்.

பிறகு ஒரு நாள் நீ ஆபீஸ் பையோடு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "வேலையை விட்டுட்டேன்மா. அஸ்தினாபுரத்துல ஒரு மாடி பார்த்திருக்கேன். அங்கேயே தங்கிக்கப் போறேன்." முதல் தடவையாக நீ, "கரெக்டாம்மா?" என்று கேட்கவில்லை. ஒரு நல்ல டீச்சராக இருந்திருந்தால் அந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "ஐஸ் குச்சி ஒட்டறதுக்கா உன்னை இன்ஜினியர் ஆக்கினேன்?" அதுவும் போதாமல், "உன் கணக்கு எங்க போய் நிக்கும்னு பார்க்கத்தானே போறேன்" என்றேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய். இந்த வாயை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை தினா. அதை நான் சொன்னதற்காக ரொம்ப வருத்தப்படுகிறேன். சேலையூருக்கும் அஸ்தினாபுரத்துக்கும் என்ன தூரம்? வண்டியில் போனால் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். எனக்கு அது போக முடியாத இடமாகிவிட்டது.

கொத்தனார் வந்தபோது உன் அப்பா அந்தச் சார்ட்டையே எடுத்துக் கொடுத்தார். அதன்படிதான் சிமெண்டு போட்டார்கள். சரியாக வந்துவிட்டது. தப்பாக வந்திருந்தால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கலாம். இது இடிக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் வாசலில் கிடக்கிறது. தினமும் அதில்தான் ஏறுகிறேன்.

சும்மா இருந்துவிடவில்லை, நானும் முயற்சி செய்தேன். போன வாரம் ஆயிஷாவிடம் வாளியையும் தண்ணீர் மொள்ளும் மக்கையும் கொடுத்து, வாளி நிரம்ப எத்தனை மக்கு தண்ணீர் பிடிக்கும் என்று முதலில் உத்தேசமாக எழுதச் சொன்னேன். என்னவோ ஒரு எண் எழுதிவிட்டு, "கரெக்டா டீச்சர்?" என்றாள். சிவப்புப் பேனாவை வேண்டுமென்றே உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா. நீயே ஊத்திப் பாரு" என்றேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "டீச்சருக்குத் தெரியாதா? சும்மா சொல்றீங்க" என்றாள். வாளியைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த நிவேதாவின் நோட்டை எட்டிப் பார்த்து, அதில் இருந்ததை எழுதிக்கொண்டாள். கெடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. சரி செய்ய எனக்கு வரவில்லை, தினா. அது உனக்குத்தான் வரும்.

பாயிடம் போய்ப் பேசினேன். அன்றைக்கு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பஞ்சர் ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "அதுக்கு இன்னா டீச்சர், நம்ம புள்ளைக்கு நல்லதுன்னுதானே செஞ்சீங்க. தம்பிகிட்ட சேர்த்து வுட்டுடுங்க, சந்தோஷமா அனுப்பறேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஆயிஷாதான் உடனே சரி என்று சொல்லவில்லை. "தினா அண்ணா கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். "உன்மேல இல்லம்மா" என்றேன். காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே, "நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டாள். அண்ணா கூப்பிட்டால் வருவேன் என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாங்க டீச்சர். ஆனா நான் அளக்கும்போது நீங்க பார்க்கக் கூடாது."

இத்தனை வருஷம் டீச்சராக இருந்தவளிடம் ஒரு குழந்தை சொல்கிறது. வலித்தது. சரி என்றேன்.

வகுப்பு நடத்துவதைப் பற்றி உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பெற்றோர்கள் வாரத்துக்கு வாரம் நோட்டைப் பார்ப்பார்கள், நோட்டு காலியாக இருந்தால் முகம் சுளிப்பார்கள், அதற்குப் பயந்து பிள்ளையின் வேலையை நீ செய்துவிடாதே. பயந்ததால்தான் நான் செய்தேன். எத்தனை பேர் இருந்தாலும் போனாலும் உன் பாட்டுக்கு நடத்து. வாய்ப்பாட்டை மட்டும் ஒப்பிக்கச் சொல்லு, அது வாயில் இருந்தால்தான் கை ஓடும். கப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டு, படத்தில் பார்த்தால் உயரமாகத் தெரிகிறது. பார்த்தாயா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடு. அடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன், தப்பு தப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிஷாவை ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் மாடிப்படிக்குக் கீழேயே நிற்கிறேன். நீ கூப்பிட்டால் மேலே வருவேன், கூப்பிடாவிட்டால் அவளை அனுப்பிவிட்டு, வகுப்பு முடியும் வரை அங்கேயே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டாயானால் எனக்கு நாற்காலி வேண்டாம், கரும்பலகைப் பக்கமும் வர மாட்டேன். அளவெடுக்கும்போது டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும் இல்லையா? எண்ணைப் படிக்கிற முனையை அவள் வைத்துக்கொள்ளட்டும். கொக்கி முனையை என்னிடம் கொடு. அவள் எங்கே வைக்கச் சொல்கிறாளோ அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். கல்லின் மேல் வைக்கச் சொன்னாலும் கல்லின் மேலேயே வைப்பேன்.

அம்மா